பதிவு நெருங்கும்போது வரும் விலைக்குறைப்புக் கோரிக்கை

வீட்டுக்கு விலை பேசி முடித்து, முன்பணமும் கைமாறி, பதிவுக்கு நாள் குறித்த பிறகு வாங்குபவரிடமிருந்து "இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கோரிக்கை வருவது அரிதான செய்தி அல்ல. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறதே என்ற பதற்றத்தில் விற்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: கோபத்தில் ஒப்பந்தத்தையே முறிக்கிறார்கள், அல்லது பயத்தில் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள். என் வீட்டை விற்றபோதும், பின்னர் உறவினர் ஒருவருக்கு அதே வேலையில் துணை நின்றபோதும் எனக்குப் பட்டது இதுதான்: அந்தக் கோரிக்கையின் பலம் கேட்கப்படும் தொகையில் இருப்பதைவிட, கேட்கப்படும் நேரத்தில்தான் அதிகம் இருக்கிறது.

அந்த நேரத்தில் விற்பவர் மற்ற விசாரிப்பாளர்களைத் திருப்பி அனுப்பியிருப்பார். வரப்போகும் பணத்தை நம்பி வேறிடத்தில் வாக்குக் கொடுத்திருப்பார். இதை அறிந்தே கேட்பவர்களும் உண்டு. ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. வங்கி எதிர்பார்த்த கடனைத் தராமல் போயிருக்கலாம். கட்டட ஆய்வில் புதிதாக ஏதேனும் தெரிந்திருக்கலாம். தம் பழைய வீட்டை விற்றுத்தான் இதை வாங்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு, அங்கே விலை குறைந்திருக்கலாம். யார் எந்த வகை என்பது தொலைபேசிப் பேச்சில் தெரியாது. ஆகையால் முதல் அழைப்பில் எந்த எண்ணையும் சொல்லாமல், "காரணத்தையும் அதற்கான ஆவணத்தையும் எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பொய்க் காரணம் பெரும்பாலும் இந்த இடத்திலேயே மெலிந்துவிடும். எங்களிடம் வந்த கோரிக்கையும் ஆவணம் கேட்டவுடன் கணிசமாகச் சுருங்கியது.

ஆவணம் வந்துவிட்டால் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும், குறிப்பாக வங்கி மதிப்பீடு காரணமாகக் காட்டப்படும்போது. வங்கிகள் பொதுவாக, பேசிய விலை, மதிப்பீட்டாளர் சொன்ன மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தையே கடனாகத் தருகின்றன. பேசிய விலை 100 என்றும், கடன் 80 சதவீதம் என்றும், மதிப்பீடு 95 என்றும் வைத்துக்கொள்வோம். கடன் 80-க்குப் பதில் 76 ஆகிறது. வாங்குபவர் தம் கையிலிருந்து 20 போட நினைத்திருந்தார். இப்போது 24 போட வேண்டும். அவர் கேட்பது மதிப்பீட்டு வித்தியாசமான 5-ஆகத்தான் இருக்கும். ஆனால் விலை 96 ஆனாலே, கடன் 76, கைப்பணம் 20 என்று அவர் திட்டமிட்ட நிலைக்கு வந்துவிடுகிறார். 98-இல் முடித்தால் கூடுதல் சுமையை இருவரும் இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆக, 5 என்பது இக்கட்டிலிருந்து மீளத் தேவையான தொகை அல்ல. அதில் ஒரு பகுதி வெறும் பேரம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் பேச்சின் தொனியே மாறிவிடும். மதிப்பீட்டில் பரப்பளவோ கட்டட வயதோ தவறாகப் பதிவாகியிருந்தால், மறு மதிப்பீடு கேட்கும்படியும் சொல்லலாம்.

கட்டடக் குறைதான் காரணம் என்றால், அது ஏற்கெனவே தெரிந்து விலையில் கழிக்கப்பட்ட குறையா, புதிதாகத் தெரியவந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னதற்கு இரண்டாம் முறை பணம் கொடுக்க வேண்டியதில்லை. பின்னதை மறுப்பதில் பயனும் இல்லை. இந்த வாங்குபவர் போனாலும் அடுத்தவருடைய ஆய்வாளரும் அதையே கண்டுபிடிப்பார், தெரிந்த குறையை மறைத்து விற்பது பின்னாளில் வழக்காகவும் திரும்பி வரக்கூடும். நம் பக்கத்திலிருந்தும் ஒரு ஒப்பந்ததாரரை வைத்துச் செலவு மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையளவுக்குக் குறைப்பதோ, பதிவுக்கு முன் நாமே சரிசெய்து தருவதோ நியாயமானது.

காரணமே இல்லாமல் "சந்தை இறங்கிவிட்டது" என்று மட்டும் சொன்னால் அது வெறும் அழுத்தம்தான். சந்தை ஏறியிருந்தால் அவர் கூடுதலாகக் கொடுக்க முன்வந்திருப்பாரா?

இருந்தாலும், நியாயம் நம் பக்கம் இருப்பதும் மறுப்பதால் லாபம் வருவதும் வேறு வேறு. மறுத்தால் என்ன செலவாகும் என்று கணக்கிட வேண்டும். வீட்டுக் கடன் வட்டி, வரி, பராமரிப்பு, கைக்கு வராத பணத்தின் வட்டி எல்லாம் சேர்ந்து மாதத்துக்கு விலையில் 0.6 சதவீதம் என்றும், புதிதாக ஒருவரைத் தேடிப் பதிவு வரை கொண்டுபோக 4 மாதம் என்றும் வைத்தால், 2.4 சதவீதம் போய்விடுகிறது. கேட்பது 2 சதவீதம் என்றால் மறுப்பதே நட்டம். 5 சதவீதம் என்றால் கதை வேறு. ஆனால் பலர் மறுப்பது கணக்கால் அல்ல, அநியாயம் என்ற கோபத்தால். பொருளியலாளர் வெர்னர் கியூத்தும் இரு சகாக்களும் 1982-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் ஒருவர் ஒரு தொகையைப் பங்கிட்டுச் சொல்வார். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அதற்குப் பின் பலமுறை நடத்தப்பட்ட இத்தகைய சோதனைகளில், மிகச் சிறிய பங்கு கிடைப்பவர்களில் பலர், வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை என்று மறுத்துவிடுவது தெரிந்தது. அந்தக் கோபத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்தே கோபப்பட வேண்டும்.

எதிர்ப்பக்கத்தின் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. கடன் விண்ணப்பக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், குடியிருக்கும் வீட்டைக் காலி செய்வதாகக் கொடுத்த அறிவிப்பு என்று அவரும் செலவழித்திருக்கிறார். கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தால், அவர் விலகும்போது முன்பணம் என்ன ஆகும் என்பது ஒப்பந்த வாசகத்தையும் அந்த நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. பதில் அனுப்புவதற்கு முன் வழக்கறிஞரிடம் அந்த ஒரு பிரிவையாவது படிக்கக் கொடுக்க வேண்டும். தரகரின் அறிவுரையையும் அவருடைய கணக்கோடு சேர்த்தே கேட்க வேண்டும். தரகு 2 சதவீதம் என்றால், நூற்றுக்கு 3 குறைப்பதில் நமக்கு 3 போகிறது, அவருக்கு 0.06 மட்டுமே போகிறது. "விட்டுக்கொடுத்து முடித்துவிடுங்கள்" என்று அவர் சொல்வதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அவருடைய இடத்திலிருந்து பார்த்தால் அது சரியான யோசனைதான்.

குறைப்பது என்று முடிவெடுத்தால் சும்மா குறைக்கக் கூடாது. பதிவை முன்கூட்டி வைப்பது, முன்பணத்தை உயர்த்துவது, பதிவுக்குப் பின் சில வாரங்கள் நம்மை வாடகையின்றித் தங்க அனுமதிப்பது, இனி எந்த ஆய்வு நிபந்தனையும் இல்லை என்று உறுதி தருவது போன்ற ஏதேனும் ஒன்றை ஈடாகக் கேட்க வேண்டும். பாதிக்குப் பாதி என்று சமாதானம் செய்யும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அது ஊதிப் பெருக்கிக் கேட்டவருக்கே பரிசாக முடியும். "ஆய்வறிக்கையில் உள்ள கூரைப் பழுதுக்காக மட்டும் விலையில் இவ்வளவு குறைக்கச் சம்மதிக்கிறேன், இதுவே இறுதி விலை, வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் புது விலைக்கான துணை ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் முதலில் பேசிய விலையே தொடரும்" என்ற அளவுக்குச் சுருக்கமான கடிதம் போதும். குறைத்த தொகையோடு அதற்கான காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் அதே காரணத்தோடு அடுத்த கோரிக்கை வராது.

இவ்வளவையும் நிதானமாகச் செய்ய முடிவது, மாற்று வழிக்கு முன்பே இடம் வைத்துக்கொண்டவருக்குத்தான். இரண்டாவதாக விலை சொன்னவரின் எண்ணை அழிக்காமல் மரியாதையாகப் பேசிவைத்திருப்பதும், பதிவு முடியும்வரை புது வீட்டுக்குத் திரும்பப் பெற முடியாத பணத்தைக் கட்டாமல் இருப்பதும் அந்த இடத்தைத் தருகின்றன. துணை ஒப்பந்தத்துக்குப் பிறகும் இன்னொரு முறை குறைக்கச் சொன்னால், விளக்கம் எதுவும் சேர்க்காமல் அந்த ஒப்பந்தத்தின் நகலை மட்டும் அவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே நாளில் அந்த இரண்டாமவரை அழைத்துப் பேச வேண்டும்.