கொடியில் காய்ந்த முகம்

நேற்றுக் காலை பால்கனியில், வீட்டுக்காரரின் காலுறைகளுக்கும் சின்னவளின் பள்ளிச் சட்டைக்கும் நடுவே, என்னுடைய முகம் இரண்டு கிளிப்புகளில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒரு பிளவு, மூக்குக்கு ஒரு வெட்டு என்று முந்தைய இரவு நான் பயன்படுத்திவிட்டுக் குப்பையில் எறிந்த நயாசினமைடு ஷீட் மாஸ்க், அதாவது எசன்ஸ் என்னும் பூச்சுத் திரவத்தில் ஊறவைத்து முகத்தில் ஒட்டிக்கொள்ளும் துணி, சோப்புப் போட்டு அலசப்பட்டு, தென்கொரியாவின் சுவோன் நகரத்துக் குளிர்கால வெயிலில் விறைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று வாரமாகிறது என்றால் மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

இதற்கு அம்மாவிடம் நியாயம் இருக்கிறது. கொரியாவில் 1995 முதல் வீட்டுக் குப்பையைக் காசு கொடுத்து வாங்கிய பையில்தான் போட வேண்டும். பொருளுக்கும் காசு, அதை எறிவதற்கும் காசு என்ற இந்த ஏற்பாட்டைக் கேட்ட நாள் முதல், இந்த வீட்டிலிருந்து எதுவும் வெளியேறக் கூடாது என்று அம்மா தீர்மானித்துவிட்டார்.

என் இரவு நேரச் சடங்கை அம்மா முதல் நாளே அபிஷேகம் என்று பெயரிட்டுவிட்டார். யோசித்துப் பார்த்தால் வரிசை அப்படித்தான் இருக்கிறது. முதலில் எண்ணெய் கிளென்சர், அது எண்ணெய்க் காப்பு. பிறகு நுரை கிளென்சர், டோனர், எசன்ஸ். நடுவே மாஸ்க், அது சந்தனக் காப்பு. கடைசியில் எல்லாவற்றையும் மூடி வைக்கும் கிரீம். திரை போட்டு மறைக்காமல் நடுக்கூடத்தில் நடத்துகிறாய் என்பதுதான் அவருடைய ஒரே ஆட்சேபம்.

ஆனால் அவருடைய உண்மையான அக்கறை பாக்கெட்டின் மீதுதான். ஒரு மாஸ்க்குக்கு ஏறத்தாழ 25 மில்லி எசன்ஸ் ஊற்றி அடைக்கிறார்கள். துணியை எடுத்த பிறகும் கால்வாசி உள்ளேயே நிற்கும். அதை நான் கழுத்தில் தடவுவதற்குள் அம்மா பாக்கெட்டைப் பறித்து, பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்குவாரே, அதே லாவகத்தில் குலுக்கி, எவர்சில்வர் டம்ளரில் வடித்துத் தன் குதிகால் வெடிப்பில் பூசிக்கொள்கிறார். தண்ணீர் கலந்ததை வைத்திருந்து மறுநாள் தடவக் கூடாது, கெட்டுவிடும் என்று சொல்ல நினைக்கிறேன், முடிவதில்லை. ஏனென்றால் மாஸ்க் முகத்தில் இருக்கும் இருபது நிமிடமும் வாயைத் திறந்தால் தாடைப் பக்கம் கழன்று தொங்கும். இந்த ரகசியத்தை இரண்டாவது நாளே கண்டுபிடித்த அம்மா, என் மீதான வழக்குகளையெல்லாம் அந்த நேரத்துக்கே ஒத்திவைத்துவிடுகிறார். 2009இல் சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் வராதது முந்தாநாள் விசாரணைக்கு வந்தது.

நயாசினமைடு என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டார். வைட்டமின் பி3, அப்பா போடும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையிலும் இருப்பதுதான் என்று விளக்கினேன். பத்து வருடமாக விழுங்குகிறாரே, அவர் முகத்தில் ஒன்றையும் காணோமே என்றார். விழுங்குவதும் பூசுவதும் வேறு வேறு என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது, கொரிய எழுத்தை வாசிக்கத் தெரிந்த திமிரில் சின்னவள் பெட்டியைப் புரட்டி, அதில் ‘மிபெக்’ என்று போட்டிருக்கிறது, அழகான வெண்மை என்று அர்த்தம் என்று பாட்டிக்கு மொழிபெயர்த்துவிட்டாள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நான் பெற்ற நிறத்தில் என்ன குறை கண்டாய்?” என்று கேட்டார். அப்போது பார்த்து என் முகத்தில் மாஸ்க்.

இந்த ஊர் விதிப்படி இரண்டு முதல் ஐந்து சதவீதம் நயாசினமைடு இருந்தால் பெட்டியில் அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்பதையும், அது நிறமியை அழிப்பதில்லை, கீழே உருவாகும் நிறமி மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேர்வதைத்தான் மட்டுப்படுத்துகிறது என்பதையும், தரைக்கடியில் சுடுநீர் ஓடும் இந்த வீட்டில் வறண்டு உரியும் கன்னத்துக்காகவும் பரு விட்டுப்போன தழும்புக்காகவும்தான் போடுகிறேன் என்பதையும் மனத்துக்குள் வரிசையாக அடுக்கிவைத்துக் காத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து மாஸ்க்கை உரித்தபோது அம்மா தூங்கப் போயிருந்தார்.

நேற்று இரவு அந்தக் கொடியில் காய்ந்த மாஸ்க், அரிசி கழுவிய தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்ததைக் கண்டு பதறிப்போய், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசத்தில் வந்த பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றைப் பிரித்து நானே அவருக்குப் போட்டுவிட்டேன். எட்டுக்கல் மூக்குத்தி நாரில் சிக்கிக்கொண்டது. கழற்றச் சொன்னால் நடக்காது என்று தெரியும் என்பதால், நகவெட்டிக் கத்தரியால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு வாசல் வெட்டினேன். வெள்ளைத் துணிக்கு வெளியே மூக்குத்தி மட்டும் மினுங்க, அம்மா வெதுவெதுப்பான தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

எனக்குப் பதில் சொல்ல வாய்த்த முதல் இருபது நிமிடம் அது. சித்தி மகள் கல்யாணத்திலிருந்து தொடங்குவதாக இருந்தேன். தொண்டையைச் செருமுவதற்குள் அம்மாவின் மூச்சு சீராகிவிட்டது. குறித்த நேரத்துக்கு மேல் விட்டால் காயும் துணி தோலிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று தெரிந்தும் எழுப்ப மனம் வரவில்லை. நாற்பதாவது நிமிடம் நெற்றியிலிருந்து மெதுவாக உரித்தேன். மூக்குத்தியின் அருகே வந்தபோது, கண்ணைத் திறக்காமலேயே அம்மா கேட்டார்: “பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டாயா?”