கரும்புகையாய்ப் போன நிலக்கரி

மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய ஒய்பி வகை நீராவி எஞ்சினில், நெருப்புக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனாக இருந்த காலத்தில், புகைபோக்கியில் கரும்புகை எழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். முதுகு ஒடிய நான் அள்ளிப்போட்ட கரி எரியாமலே வெளியேறுகிறது என்று அதற்குப் பொருள். ஏற்றத்தில் நீராவியைக் கூட்டிவிட டிரைவர் ரெகுலேட்டரைத் திறந்தால், நெருப்பில் காற்றின் இழுப்பு கூடும். பொடிக்கரி, நெருப்பைத் தாங்கும் இரும்புக் கிராதியில் தங்காமல் பறந்துவிடும். வண்டி ஷெட்டுக்குத் திரும்பியதும் கிளிங்கர் காத்திருக்கும். சாம்பல் உருகிப் பாறைபோல் இறுகியிருக்கும். நீளக் கம்பியால் குத்தி உடைத்து இழுப்பதற்குள் முகம் வெந்துவிடும். நிலக்கரி என்றால் இப்படித்தான் என்று ஷெட்டில் எல்லோரும் நம்பினோம்.

டீசலுக்கு மாறிய பிறகுதான் தென்னாப்பிரிக்காவின் 3450-ஆம் எண் எஞ்சினைப் பற்றிப் படித்தேன். 25என்சி என்ற நீராவி எஞ்சின் வகையைச் சேர்ந்த அதை, 1981-இல் கேப் டவுனின் சால்ட் ரிவர் பணிமனையில் டேவிட் வார்டேல் என்ற பொறியாளர் மாற்றியமைத்தார். சிவப்பு வண்ணம் பூசியதால் 'ரெட் டெவில்' என்று பெயர் வந்தது. அதில் கரியை எரிக்கும் முறை அர்ஜென்டினாவின் பொறியாளர் லிவியோ டான்டே போர்ட்டா வகுத்தது. அந்நாட்டின் தெற்கே பாட்டகோனியாவின் ரியோ டுர்பியோ நிலக்கரிப் பாதையில் அவர் அதை முன்பே நடத்திக் காட்டியிருந்தார்.

கரியைத் தடிமனாகப் பரப்பி, கிராதியின் அடியிலிருந்து கொஞ்சமாகவே காற்று விடுவார்கள். கரி அங்கே வாயுவாகும். நெருப்புப் பெட்டியின் பக்கத் துளைகள் வழியே வரும் காற்றில் அந்த வாயு மேலே எரியும். அடியில் இழுப்பு குறைவதால் பொடி அவ்வளவாகப் பறக்காது. சிலிண்டரில் வேலை முடித்த நீராவியில் ஒரு பங்கைக் கிராதிக்கு அடியில் செலுத்துவார்கள். சாம்பல் உருகும் அளவுக்குக் கரிப்படுகை சூடேறாமல் அது தடுக்கும். கிளிங்கர் உடைத்தவனுக்குத்தான் இதன் அருமை புரியும்.

மாற்றப்படாத அதே வகை எஞ்சினோடு ஒப்பிட்டால் நிலக்கரியில் 28 சதவீதம், தண்ணீரில் 30 சதவீதம் மிச்சம். இழுக்கும் திறனோ 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. கிளிங்கர் தொல்லை முற்றிலும் ஒழியவில்லை. அதற்கு இன்னும் சில எஞ்சின்கள், சில ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆனால் தென்னாப்பிரிக்க ரயில்வே டீசலையும் மின்சாரத்தையும் ஏற்கெனவே தேர்ந்துவிட்டது. 3450 ஒற்றையாகவே நின்றது.

அமெரிக்காவில், நிலக்கரியில் ஓடும் ஏசிஇ 3000 என்ற புது நீராவி எஞ்சினை வடிவமைப்பதற்காக 1985 ஜனவரியில் 614 என்ற பழைய எஞ்சினை மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரி வண்டிகளோடு ஓட்டிச் சோதித்தார்கள். எண்ணெய் விலை சரிந்தது; புது எஞ்சின் காகிதத்தோடு முடிந்தது.

நம் நாட்டில் சித்தரஞ்சன் பணிமனை கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சினை 1970-இல் கட்டியது. ஆனால் மீட்டர் கேஜில் 1990-கள் வரை நாம் கரிதான் எரித்தோம், அதுவும் சாம்பல் மிகுந்த இந்தியக் கரி. புது எஞ்சின் கட்டச் சொல்லவில்லை. வார்டேலும் பழைய எஞ்சினைத்தானே திருத்தினார்? ஓடிக்கொண்டிருந்த ஒய்பிகளில் ஒன்றிரண்டையாவது இப்படித் திருத்தி ஓட்டியிருக்க வேண்டும். நான் வேலை பார்த்த எந்த ஷெட்டுக்கும் அப்படி ஒரு எஞ்சின் வரவில்லை.