அப்பாவுக்குக் கணையத்தில் ஊசி போட்ட கதை

அப்பாவுக்குக் கண் மஞ்சளானதும் எங்கள் ஊரான மண்டபத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் கீழாநெல்லியைத்தான் சொன்னார்கள். அரைத்தும் கொடுத்தோம். உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனது. ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்தால், கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, அது பித்தக்குழாயை அடைத்திருக்கிறது. புற்றா என்று சோதிக்க, வயிற்றுத் தோல் வழியாகவே ஊசி விட்டுக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துவிடலாம் என்று அங்கே ஒருவர் சொன்னார். எதற்கும் மதுரையில் காட்டிவிடுவோம் என்று கிளம்பினோம்.

சித்தப்பாவுக்கு ஊசி என்ற பேச்சே ஆகவில்லை. "வேணாம்ண்ணே, கட்டியைக் குத்துனா உடம்பெல்லாம் பரவிரும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் முன்னாலேயே மதுரை டாக்டரிடம் கேட்டுவிட்டேன். டாக்டர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஊசி போன தடத்தில் புற்றுச் செல் ஒட்டி வளர்வது உண்டு, ஆனால் அபூர்வம் என்றார். ஜப்பானில் எண்டோஸ்கோப்பி வழியாகக் கணையக் கட்டிக்கு ஊசி போட்ட 12,000 பேருக்கும் மேல் பார்த்ததில் 38 பேருக்குத்தான் அப்படி ஆகியிருக்கிறது. 2022இல் வந்த ஆய்வு.

அப்புறம் ஒரு தாளில் படம் வரைந்தார். தோல் வழியாகப் போனால் ஊசி வயிற்றின் உள்சவ்வைக் கடக்கும். அங்கே செல் சிந்த வாய்ப்பு கூடுதல். எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடல் சுவர் வழியாகத் தலைப்பகுதியை எட்டிவிடலாம். பின்னால் ஆபரேஷன் நடந்தால் அந்தக் குடல் பகுதியையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள், ஊசித் தடமும் அதோடு போய்விடும். கட்டி வால்பகுதியில் இருந்தால் ஊசி இரைப்பைச் சுவரைத் துளைத்துப் போகும். ஆபரேஷன் நடந்தாலும் அந்தச் சுவர் உள்ளேயே இருக்கும், ஊசித் தடமும் அதோடு தங்கிவிடும். தொண்டியிலிருந்து வந்திருந்த ஓர் அக்காவுக்கு வாலில்தான் கட்டி. ஸ்கேனே தெளிவாக இருந்ததால் ஊசி போடாமல் நேராக ஆபரேஷனுக்கு எழுதிவிட்டார்கள்.

"அப்ப அண்ணனுக்கும் நேரா ஆபரேஷன் பண்ணுங்களேன்" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்விதான். ஆனால் அப்பாவின் கட்டி ரத்தக்குழாயை ஒட்டியிருந்தது. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்க வேண்டும். புற்றுதான் என்று உறுதியாகாமல் கீமோவில் கை வைக்க மாட்டார்கள். ஸ்டீராய்டில் கரையக்கூடிய ஒருவகைக் கணைய அழற்சியும் ஸ்கேனில் கட்டி மாதிரியே தெரியுமாம். கணையப் புற்றுக்குப் பார்க்கும் சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனையை வைத்தும் முடிவுகட்ட முடியாது, காமாலை இருந்தாலே அது ஏறும். இதைக் கேட்டபிறகுதான் சித்தப்பா வாயை மூடினார்.

அப்பா இதயத்துக்குச் சாப்பிட்ட, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையை, இதய டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே நிறுத்தினோம். வெறும் வயிறு, மயக்க மருந்து. முனையில் குட்டி ஸ்கேன் உள்ள குழாயை வாய் வழியாக விட்டு, அதில் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள். அடைப்பைத் திறந்து வைக்கும் குட்டிக் குழாயான ஸ்டென்ட் வைத்தபிறகு ஸ்கேனில் படம் கலங்கலாம் என்பதால் முதலில் ஊசி, அதற்குப் பிறகுதான் பித்தக்குழாய்க்கு ஸ்டென்ட். விழித்ததும் அப்பா தொண்டை கரகரக்கிறது என்றார், டீ கேட்டார்.

ஊசிக்குப் பிறகு சிலருக்குக் கணையம் வீங்கலாம், ரத்தக்கசிவும் வரலாம். முதுகுவரை பாயும் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல், கறுப்பு மலம் என்றால் உடனே வரச் சொன்னார்கள். மண்டபத்திலிருந்து நடுராத்திரியில் மதுரைக்கு ஓடி வர முடியுமா? அன்று அங்கேயே ரூம் போட்டுத் தங்கிவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை.

ரிசல்ட்டில் புற்று என்றே வந்தது. கீமோ தொடங்கியாயிற்று, அது முடிந்து இன்னொரு ஸ்கேன் எடுத்தபிறகுதான் ஆபரேஷன் பேச்சு.