சீஃபெல்டில் கால் மாறி நின்ற ஆறு நாட்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு, மியூனிக்கில் வேலை பார்க்கும் மகளிடம் தங்கியிருந்த பிப்ரவரி மாதத்தில், ஒரு வாரம் பனிச்சறுக்குக்குப் போகலாம் என்று அவள் சொன்னாள். மலை உச்சியிலிருந்து கண்மண் தெரியாமல் பாய்ந்து வரும் மனிதர்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். அறுபத்தொரு வயதில் இடுப்பை முறித்துக்கொண்டு மதுரைக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை என்றேன். "அது வேறம்மா, இது கிராஸ் கன்ட்ரி. பனியில கட்டையை மாட்டிக்கிட்டு வழுக்கி நடக்கிறது. பழநிக்கு நாலு தடவை நடந்து போன ஆளுதானே நீங்க?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே கிளம்பினேன்.

சீஃபெல்ட், ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், இன்ஸ்ப்ரூக் நகருக்கு மேலே உள்ள அகன்ற மேட்டுநிலத்தில் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து கார்மிஷ், மிட்டன்வால்ட் வழியாக ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். ஊரின் உயரம் சுமார் 1,200 மீட்டர்தான் என்று அறிந்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் கொடைக்கானலே 2,100 மீட்டர் இருக்கிறதே! ஆனால் நாம் நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகை வடக்கே இருக்கிறோம், அவர்கள் நாற்பத்தேழு பாகை வடக்கே இருக்கிறார்கள். அங்கே நண்பகல் சூரியனும் நம் ஊர் மாலை நாலரை மணி வெயிலைப் போலச் சாய்ந்துதான் விழுகிறது. சுற்றிலும் செங்குத்தான மலைகள் நிற்க, நடுவில் இவ்வளவு தட்டையான நிலம் கிடைத்ததால்தான், இன்ஸ்ப்ரூக்கில் 1964, 1976 ஆகிய ஆண்டுகளில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் கிராஸ் கன்ட்ரி போட்டிகளை இங்கே வைத்தார்கள். 1985-லும் 2019-லும் உலகச் சாம்பியன் போட்டிகளும் இங்கேதான் நடந்தன.

பாதையை அவர்கள் 'லொய்ப்பே' என்கிறார்கள். கனமான இயந்திரம் ஒன்று பனியை அழுத்திச் சமன்செய்து, இரண்டு இணையான பள்ளங்களைப் பதித்துக்கொண்டே போகிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில், திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டில் மழைக்குப் பின் காய்ந்து இறுகிய மாட்டுவண்டித் தடம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தடத்தில் கால் வைத்து நடக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம். வாசலில் போட்ட கோலத்தை மிதித்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். முதல் நாள் காலையில் அந்தப் பார்வையை நானும் வாங்கினேன்.

வாடகைக்குக் கிடைத்த சறுக்குக் கட்டைகள் நான்கு விரல் அகலம்கூட இல்லை. காலணியின் முன்நுனி மட்டுமே கட்டையோடு பிணைந்திருக்கும், குதிகால் தாராளமாக மேலெழும். இதன் சூட்சுமம் முழுவதும் கட்டையின் நடுப்பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதி வில்போல் சற்று மேலே வளைந்திருக்கும். அதன் அடியில் ஆட்டு ரோமத்தால் ஆன ஒரு பட்டை ஒட்டியிருக்கும். உடல் எடை முழுவதையும் ஒரே காலில் இறக்கி உதைத்தால் வில் தட்டையாகி, ரோமம் பனியைப் பற்றிக்கொண்டு நம்மை முன்னே தள்ளுகிறது. உதைத்து முடித்ததும் வில் நிமிர்ந்து ரோமம் பனியை விட்டு விலக, கட்டை வழுக்கிச் செல்கிறது. எடையை இரண்டு கால்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் கோழைக்கு இந்த இரண்டுமே வாய்க்காது. நின்ற இடத்திலேயே பின்னோக்கி வழுக்குவான். இரண்டு நாட்கள் நான் அதைத்தான் செய்தேன்.

கற்றுக்கொடுத்த பெரியவர் ஊன்றுகோல்கள் இரண்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஒரு காலில் நின்று வழுக்கும்படி சொன்னார். விழுந்தேன், எழுந்தேன், மறுபடியும் விழுந்தேன். மூன்றாம் நாள் எனக்கு நம் மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலம் நினைவுக்கு வந்தது. ஒரே காலில் நின்று ஆடினால் இறைவனுக்கு வலிக்குமே என்று பாண்டியன் வருந்த, அவனுக்காகக் கால் மாறி ஆடிய நடராசர், எடையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளவில்லை. ஊன்றிய காலில் முழுவதுமாக நின்றார். அதை நினைத்துக்கொண்டு இடக்காலில் மொத்தமாகச் சாய்ந்தேன். கட்டை ஒரு ஆள் நீளம் ஓசையில்லாமல் வழுக்கிப் போனது. என்னைத் தாண்டிச் சென்ற ஆறு வயதுப் பையனுக்கு அது ஒன்றுமே இல்லை; எனக்கோ அன்று முழுவதும் வேறு பேச்சே வரவில்லை.

ஏற்றத்தில் கால்களை விரித்து, மீன்முள் வடிவத் தடம் பதிய ஏற வேண்டும். இறக்கத்தில் பின்பக்கத்தை அகட்டி, முன்நுனிகளைக் குவித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். கால்களைப் பக்கவாட்டில் உதைத்துச் செல்லும், 1980-களில் பரவிய ஸ்கேட்டிங் முறைக்குத் தனியான அகலப் பாதை உண்டு. என் வயதுக்கு அது வேண்டியதில்லை.

கொடைக்கானலுக்கென்று வாங்கிய கனத்த கோட்டை அணிந்து போனது என் பெரிய பிழை. பத்து நிமிடத்தில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நின்றதுபோல் வியர்த்தது. நின்றதும் அந்த ஈரமே உடம்பை நடுக்கியது. மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, சூடேற ஏறக் கழற்றுவதே சரி. மதியத்தில் 'கைசர்ஷ்மார்ன்' என்றொரு பலகாரம் சாப்பிட்டோம். முட்டை அப்பத்தைத் துண்டு துண்டாகக் கொத்தி, சர்க்கரை தூவி, வேகவைத்த பிளம்ஸ் பழத்தோடு தருகிறார்கள். இனிப்புக் கொத்துப் பரோட்டா என்று சொல்லிவிடலாம், சால்னாதான் இல்லை.

பனி முன்புபோல் நம்பகமாக விழுவதில்லை என்ற கவலை ஆல்ப்ஸ் முழுவதும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் தாவோஸில் முந்தைய குளிர்காலத்துப் பனியைக் குவித்து, மரத்தூளால் மூடிக் கோடையைக் கடத்தி, அடுத்த பருவத் தொடக்கத்தில் பாதையில் பரப்புகிறார்கள். ஐஸ் கட்டியை மரத்தூளில் பொதிந்து வைத்த நம் பழைய ஐஸ் வியாபாரிகளுக்கு இந்த உத்தி புதிதாக இருக்காது.

ஆறாம் நாள் பக்கத்துப் பள்ளத்தாக்கான லாய்டாஷில் மகளோடு எட்டுக் கிலோமீட்டர் போனேன். விழுந்தது இரண்டே முறை. ஊர் திரும்பிய மறுவாரம், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடையின்போது என்னை அறியாமலே ஒவ்வொரு காலிலும் முழு எடையையும் இறக்கிச் சாய்ந்து சாய்ந்து போயிருக்கிறேன் போலும். பின்னால் வந்த தோழி ஓட்டமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்: "என்ன டீச்சர், கால்ல ஏதும் அடிபட்டுருச்சா?"