தண்டம் கட்டினது தண்டனையா?

"கோர்ட்ல தண்டம் கட்டினேன் மிஸ். அது தண்டனைல சேருமா?"

வேலைப் படிவத்தில் 'தண்டனை பெற்றிருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு வந்ததும், பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் கேட்டது இவ்வளவுதான். அவனுக்குப் பின்னால் இன்னும் பதினொரு பேர் நின்றார்கள். ஏப்ரல் சீசனுக்கு மூன்று வாரம்கூட இல்லை, எங்கள் ஹோட்டலில் ரூம் பக்கத்துக்கு ஆள் போதாது. "எதுக்குத் தண்டம்?" என்றேன். "ஆத்துல கல்லு தோண்டப் போயி..." என்று இழுத்தான். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துப் பையன். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. "தண்டம்தானே தம்பி, ஜெயிலுக்கா போனீங்க? விடுங்க" என்றேன். 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டுக் கொடுத்தான்.

அந்தக் கேள்வியைத் தமிழில் போட்டது நான்தான். சிங்களப் படிவத்தில் 'நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீர்களா' என்ற பொருளில் இருந்ததை, நம் பிள்ளைகளுக்கு லேசாக விளங்கட்டும் என்று 'தண்டனை பெற்றிருக்கிறீர்களா' என்று மாற்றினேன். நல்ல மனதோடுதான் செய்தேன். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினால் சட்டப்படி குற்றவாளிதான் என்பது எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். எட்டு வருடமாக இந்தக் கோப்புகளோடுதான் இருக்கிறேன்.

கெசல்கமுவ ஓயா என்ற எங்கள் ஆற்றில் இரவில் இறங்கி, மாணிக்கக் கல் தேடி, 'இல்லம்' என்கிற சரளை மண்ணை அள்ளிக் கழுவுவது எங்களுக்குப் புதுக் கதையில்லை. அவன் பிடிபட்டது 2022இல். முந்தைய வருடம் இரசாயன உரத்தை நிறுத்தியதில் தேயிலைக் கொழுந்து குறைந்து, வேலை நாளும் குறைந்திருந்தது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய், அதுவும் முழு நாள் வேலை செய்ததாகப் பேர் கிடைத்தால். மாவு விலை ஏறிய ஏற்றத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்திலும் இரண்டு வேளைதான் அடுப்பு எரிந்தது. கல் தோண்ட அனுமதிப்பத்திரம் எடுக்கலாமே என்பார்கள். அதற்குக் காணி வேண்டும், இல்லாவிட்டால் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்குக் காணி ஏது?

தண்டம் கட்ட அவனுடைய அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போயிருக்கிறது. ஹட்டன் நீதிமன்றத்தில் முதல் வழக்குத் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டானாம். இன்னொரு தவணை என்றால் இன்னொரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் பின்னால் சொன்னார்: 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 306ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, சிறு குற்றமென்றால் குற்றத்தீர்ப்பைப் பதியாமலே நீதவான் விடுவிக்கலாம், கேட்பதற்கு ஆள் இருந்தால். அவனுக்கு அந்த ஆள் இருக்கவில்லை. எங்கள் அலுவலகத்திலும்...

சரி, அதை அப்புறம் சொல்கிறேன்.

கிராம சேவகர் கொடுத்த சான்றிதழில் நன்னடத்தை என்றுதான் இருந்தது. அதை வைத்து வேலைக்கு எடுத்தோம். சீசன் முடிந்து, அவன் சேர்ந்த மூன்றாம் மாதம் பொலிஸ் ரிப்போர்ட் வந்தது. வழக்கு இலக்கம், திகதி, தண்டம் என்று மூன்றே வரி.

மனேஜர் கெட்டவர் இல்லை. "கல் தோண்டினதுக்காக இல்லை, மறைத்ததுக்காக" என்றார். விருந்தினருடைய நகையும் பணமும் கிடக்கும் அறைக்குள் போய் வருகிறவன் ஒன்றை மறைத்தால் இன்னொன்றை மறைக்க மாட்டான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது. ஆனால் அவன் மறைக்கவில்லையே. என்னிடம் கேட்டானே.

அவனுக்குச் சிங்களம் பேச வரும். ஆனாலும் வாக்குமூலத்தைத் தமிழில் சொல்லட்டும் என்று மொழிபெயர்க்க நானே உட்கார்ந்தேன். "உனக்கு இப்படி எழுதச் சொன்னது யார்?" என்று மனேஜர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்த இடத்தில் நிறுத்தி, "நான்தான் சேர்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கேள்வியை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல்ல மிஸ். எனக்குத்தான் வெளங்கல்ல." அதை நானே சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். மனேஜர் எழுதிக்கொண்டார்.

தகுதிகாண் காலம். அந்த மாதச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து அனுப்பினோம்.

அன்றைக்கு 'ஆம்' என்று போடச் சொல்லியிருந்தால் அவனை எடுத்தே இருக்க மாட்டார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். 'ஆம்' போட்ட படிவங்கள் எந்தப் பக்கம் அடுக்கப்படும் என்பதைப் பார்க்கிறவள் நான். ஆக என்னால் அவனுக்கு மூன்று மாதச் சம்பளம் கிடைத்தது என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். தோட்டைக்கூட மீட்டிருப்பான். பிறகு, இனி அடுத்த இடத்தில் 'ஏன் அங்கிருந்து விலகினாய்' என்று கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று நினைப்பு ஓடும். முன்பு அவன் பேரில் இருந்தது ஆற்றில் கல் தோண்டிய ஒரு வழக்கு. இப்போது பொய் சொன்னவன் என்ற எழுத்தும் சேர்ந்துவிட்டது. அந்த இரண்டாவதை அவனுக்குக் கொடுத்தது நான்.

நான் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்குமா? ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. வீட்டுக் கடன், மகளின் வகுப்புக் காசு எல்லாவற்றையும் காரணமாக அடுக்கிப் பார்த்தேன். அந்த அறையில் இருந்தபோது அதில் ஒன்றுகூட என் நினைவில் இருக்கவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

படிவத்தின் தமிழைத் திருத்திவிட்டேன். 'தண்டம் செலுத்தியதும் இதில் அடங்கும்' என்று ஒரு வரி சேர்த்தேன். இப்போது யார் கேட்டாலும் "எழுதுங்க" என்கிறேன். எழுதுகிறார்கள். அந்தப் படிவங்கள் அந்தப் பக்கமே போகின்றன. இரண்டு பேருக்காக மனேஜரிடம் பேசிப் பார்த்தேன். ஒருவரை ஹோட்டல் தோட்ட வேலைக்கு எடுத்தார்கள், மற்றவரை இல்லை.

2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவருடைய குற்றத்தீர்ப்பு பற்றிய விபரம் விசேட வகைத் தரவு என்று இருக்கிறது. கண்டபடி வைத்திருக்கக் கூடாத தகவல். அதைப் படித்த அன்று அவனுக்குப் போன் எடுத்தேன். கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறானாம். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். அவன் என் மகளைப் பற்றி விசாரித்தான், மழையைப் பற்றிக் கேட்டான். நான் சொல்ல வந்ததைச் சொல்லும் முன்னமே, "மிஸ், அந்த ரிப்போர்ட் இன்னும் அங்கதான் இருக்கா?" என்றான்.

"இருக்கு தம்பி."

"கிழிக்க ஏலாதா?"

மனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கோப்பு என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.