இளைத்த உடம்பு, ஒட்டிய கன்னம்: ஃபில்லர் போடலாமா என்று விசாரித்த கதை

எனக்கு வயது 28. கடந்த ஒன்றரை ஆண்டில் 17 கிலோ குறைத்தேன். தொப்பை போனது, முழங்கால் வலி போனது, கூடவே கன்னமும் போய்விட்டது. மூக்கோரத்தில் தொடங்கி வாயோரம் வரை இறங்கும் இரண்டு கோடுகள், சிரிக்காதபோதும் முகத்தில் நிற்க ஆரம்பித்தன. ஆபீஸ் லிஃப்டில் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் மோசம். திருநெல்வேலிக்குப் போனால் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொள்வார்: "என்னல, இப்படி வத்திப் போயிட்ட? சுகர் பாத்தியா?" நம் ஊரில் ஓர் ஆண் இளைத்தால் ஒன்று சுகர், இல்லையென்றால் காதல் தோல்வி. டயட் என்ற மூன்றாவது காரணத்தை யாரும் நம்புவதில்லை.

முகத்தில் வற்றிய இடத்தை நிரப்ப ஊசியில் ஜெல் ஏற்றுவார்கள், அதற்குப் பெயர் ஃபில்லர். அதை விசாரிக்க முதலில் போனது சென்னையில் ஓர் அழகு கிளினிக். பெயர் வேண்டாம். என்னைப் பார்த்தவர் டாக்டர் இல்லை, 'கவுன்சிலர்'. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், கோட்டுக்கு இரண்டு சிரிஞ்ச், கண்ணுக்குக் கீழே ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். இன்றே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி. எந்த ஃபில்லர் என்று கேட்டதற்கு "இம்போர்ட்டட் சார்" என்பதுதான் பதில். துணிக்கடையில்கூட பிராண்டு பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து ஆளைப் பார்த்துத் தேடினேன். எம்.டி. டி.வி.எல். என்பது தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு. தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் டாக்டரின் பெயரைப் போட்டால் பதிவு விவரம் வருகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்.

இந்த டாக்டர் முதலில் உட்கார வைத்துப் பார்த்தார், பிறகு சிரிக்கச் சொன்னார். அதன்பின் படுக்க வைத்துக் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். படுத்ததும் கோடு பாதிக்கு மேல் மறைந்துவிட்டது!

"பாத்தீங்களா தம்பி, கோடு தோல்ல பதியல. மேல கன்னத்துல இருந்த கொழுப்பு கரைஞ்சதால தோல் கீழ இறங்கி மடியுது. தோல்ல பதிஞ்சிருந்தா படுத்தாலும் அப்படியே நின்னிருக்கும்."

அதனால் என் விஷயத்தில் மடிப்பையே நிரப்புவது சரியில்லை, கன்ன எலும்பின் மேல் கொஞ்சம் தாங்கல் கொடுத்தால் மடிப்பு தானாக இளகும் என்றார். அந்தக் கோடு எல்லோருக்கும் உண்டு, சிரிக்கிற குழந்தைக்கும் உண்டு. அதை முழுக்கத் துடைக்கப் போனால் வாயைச் சுற்றி உப்பிக்கொள்ளும். போடாக்ஸ் பற்றியும் கேட்டேன். அது தசையைத் தளர்த்துவது, நெற்றிச் சுருக்கம், புருவ நடுவுக்கோடு போன்றவற்றுக்கு. மூன்று நான்கு மாதம் தாங்கும். எனக்குத் தேவை அதுவல்ல.

எனக்குச் சொன்னது ஹயலுரானிக் அமிலத்தில் செய்த ஜெல். இது நம் தோலிலேயே இருக்கும் பொருள், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் கரையாதபடி இழைகளைப் பிணைத்துச் செய்வதால் இடத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை இருக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகையில் ரெஸ்டிலேன் என்ற பிராண்டுக்கு அனுமதி கொடுத்தது 2003-ல். ஒரு சிரிஞ்சில் 1 எம்.எல். இருக்கும், அதாவது டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு கொஞ்சத்துக்கு அவ்வளவு பணமா என்று மனம் கணக்குப் போடத்தான் செய்தது.

பணத்தைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு. வீக்கம், கன்றிப்போதல் எல்லாம் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் மூக்கோரக் கோட்டை ஒட்டி முக்கியமான ரத்தக்குழாய் ஓடுகிறது. ஜெல் தவறிப்போய் ரத்தக்குழாய்க்குள் இறங்கினால் அடைப்பு ஏற்பட்டுத் தோல் செத்துப்போகலாம், அரிதாகக் கண்பார்வையே போகலாம். போட்ட இடம் வெளுத்தாலோ, வலை வலையாக நிறம் மாறினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது. ஹயலுரானிடேஸ் என்ற மருந்து இந்த ஜெல்லைக் கரைக்கும். அது கிளினிக்கில் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டேன். டாக்டர் ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியையே காட்டினார். கால்சியம் வகை ஃபில்லரை இது கரைக்காது என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. பார்லர்களில் ஊசியே இல்லாமல், அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் தள்ளும் 'பேனா' வைத்து ஏற்றுகிறார்களே, அதை வேண்டாம் என்று 2021-லேயே எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

உடனே போட்டுவிடவும் இல்லை. எடை ஆறு மாதம் ஒரே அளவில் நிற்கட்டும், அதற்குள் கன்னம் கொஞ்சம் மாறலாம் என்றார் டாக்டர். ஒரே சுவர், ஒரே வெளிச்சம், ஒரே தூரத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். முகத்துக்கு அருகில் பிடித்து எடுக்கும் செல்ஃபி மூக்கையே பெரிதாக்கிக் காட்டும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். பகலில் சன்ஸ்கிரீன், இரவில் பட்டாணி அளவு ட்ரெடினாய்ன் என்ற வைட்டமின் ஏ வகை க்ரீம். முதல் சில வாரம் தோல் உரிந்தது, பிறகு பழகிவிட்டது.

வீட்டில் சொன்னபோது அம்மா ஒரே வரியில் முடித்தார்: "ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நாலு வேளை ஒழுங்கா சாப்பிடு, கன்னம் தன்னால வரும்." பாதி உண்மைதான். எடை ஏறினால் கன்னமும் கொஞ்சம் ஏறும். ஆனால் கன்னத்துக்கு மட்டும் என்று சொல்லிச் சாப்பிட முடியாதே, முதலில் வயிறுதான் வாங்கிக்கொள்ளும்.

எடை நின்றபின் புதுப் படத்தைப் பழையதோடு வைத்துப் பார்த்தோம். தோல் தெளிந்திருந்தது, மடிப்பு அப்படியே இருந்தது. பக்கத்துக்கு அரை எம்.எல். வீதம் கன்னத்தில் மட்டும் போடுவது என்று முடிவு. கண்ணுக்குக் கீழே எதுவும் தேவையில்லையாம். சிரிஞ்ச் 28,000 ரூபாய். அழகுக்காகச் செய்வது என்பதால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 33,040, இன்சூரன்ஸும் கிடையாது. பெட்டியை என் கண்முன்னே பிரிக்க வேண்டும், பேட்ச் எண் ஸ்டிக்கரை என் ஃபைலில் ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். "கேக்காட்டியும் ஒட்டுவோம்" என்றார்.

தேதியைச் சித்தி மகன் கல்யாணத்துக்குப் பிறகு வைத்திருக்கிறேன். கன்றிப்போனது ஆற இரண்டு வாரம்கூட ஆகலாம், கல்யாண வீடியோவோ காலத்துக்கும் இருக்கும். அதற்கு முன் தள்ளிக்கொண்டே வரும் ரூட் கெனாலை முடித்தாக வேண்டும். வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து ஜெல்லில் போய்த் தங்கலாம் என்பதால் முன்னும் பின்னும் இரண்டு வாரம் பல் வேலை கூடாதாம்.