மர்பி டவுன் நாட்குறிப்பு: ஜூலை

ஜூலை 1, செவ்வாய்

எங்கள் இல்லத்தில் இருக்கும் கி., டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், இன்று பெங்களூரு மெட்ரோவில் விரல் மடக்கவில்லை. சுவாமி விவேகானந்தா சாலையில் ஏறினால் இந்திராநகர், ஹலசூரு, டிரினிட்டி என ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கி, மூன்றாவது மடங்கியதும் எழுந்து கதவருகே நின்றுகொள்வது அவர் வழக்கம். இன்று டிரினிட்டி வந்த பிறகும் அமர்ந்திருந்தார். நான் தோளைத் தொட்ட பின்புதான் எழுந்தார். படியேறும்போது, "அக்கா, அம்மா எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். வயதில் என்னைவிட மூத்தவர்தான். இருந்தாலும் அவருக்கு நான் அக்கா.

ஜூலை 2, புதன்

சட்டைப் பொத்தான்கள்: ஐந்தில் மூன்று. மே மாதம் ஐந்தையும் அவரே போட்டுக்கொண்டார்.

ஜூலை 4, வெள்ளி

இல்லப் பணியாளர்களின் இன்றைய கூட்டத்தில் ஒருவர் கி.யைப் பற்றி "மறதி நோய் தொடங்கிவிட்டது" என்றார், மற்றவர்கள் தலையசைத்தார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கிறது. அல்சைமர் எனும் மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கு மூலமான மரபணுவும் அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. அதனால் நாற்பது வயதுக்குள்ளேயே மூளையில் அல்சைமருக்குரிய மாற்றங்கள் பெரும்பாலோருக்கு ஏற்பட்டுவிடுகின்றன. கி.க்கு நாற்பத்து மூன்று. ஆனால் தைராய்டு சுரப்பு குறைந்தாலும், காது மந்தமானாலும், கண்ணில் புரை விழுந்தாலும், உறக்கத்தில் மூச்சு தடைப்பட்டாலும் வெளியே தெரிவது இதே சோர்வும் இதே தடுமாற்றமும்தான். இவை எல்லாமே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுபவை. இவற்றுள் ஒன்றையும் சோதித்துப் பார்க்காமல் ஒரு மனிதரின் எஞ்சிய வாழ்நாளுக்குப் பெயர் வைத்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அதோடு, ஏப்ரலில் தாயை இழந்தவர் அவர். இழந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று உறவினர் ஒருவர் சொல்லிவைத்திருக்கிறார். ஊருக்குப் போனவள் ஏதாவதொரு ஸ்டேஷனில் இறங்கித்தானே ஆகவேண்டும்? அவர் மறக்கவில்லை, தேடுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது போதாது, இரத்தப் பரிசோதனைக்கும் காது, கண் மருத்துவர்களுக்கும் எழுதிக்கொடுத்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

கி.யின் தங்கையிடம் நெடுநேரம் பேசினேன். சொன்னால் அண்ணன் உடைந்துபோவார் என்பது அவள் பயம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழுவிடம் அண்ணனுக்குக் காப்பாளராக விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறை என்பதையே காப்பாளரும் உரியவரும் ஒருவரை ஒருவர் புரிந்து, நம்பி, சேர்ந்து எடுக்கும் முடிவு என்றுதான் விளக்குகிறது. தாய் இறந்ததையே மறைத்துவிட்டு எந்த நம்பிக்கையின் மேல் அந்த முடிவுகளை எடுப்பது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

ஜூலை 9, புதன்

இரண்டு காதுகளிலும் குறும்பி கெட்டியாக அடைத்திருந்தது. எடுத்த அன்று மாலையே டிவியின் சத்தத்தைத் தானே குறைத்தார்.

ஜூலை 11, வெள்ளி

பொத்தான்கள்: ஐந்தில் மூன்று.

இந்தச் சட்டைப் பொத்தான்களை நாங்கள் கடைசியிலிருந்து கற்றோம். முதல் நான்கை நான் போட்டு, ஐந்தாவதை மட்டும் அவருக்கு விடுவேன். அது கைக்கு வந்த பிறகு நான்காவதும் ஐந்தாவதும் அவருடையவை. இப்படியே மேலே ஏறினோம். முதலிலிருந்து கற்பித்தால் வேலையை முடிப்பவர் எப்போதும் ஆசிரியராகவே இருப்பார். கடைசியிலிருந்து கற்பித்தால் முதல் நாளிலேயே முடித்த பெருமை கற்பவருக்குப் போய்ச் சேரும். ஐந்தும் கைக்கு வந்த நாளில் அவர் கண்ணாடி முன் நின்று, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, இல்லத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும் போய்க் காட்டினார். வேறு எந்த வேலையிலும் எனக்கு இப்படி ஒரு காலைப்பொழுது கிடைத்திருக்காது. இன்று அந்தப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஜூலை 14, திங்கள்

தைராய்டு சுரப்பு குறையும்போது இரத்தத்தில் கூடும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவு மிக அதிகமாக வந்திருக்கிறது. தைராய்டு சுரப்பு குறைவு என்பது உறுதி. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை; ஆறு வாரம் கழித்து மறுபடி இரத்தப் பரிசோதனை. மருத்துவர், "இது மட்டுமே காரணம் என்று இப்போது சொல்லமாட்டேன்" என்றார். அப்படிச் சொன்னதற்காகவே அவர் மீது மதிப்பு கூடியது.

மாத்திரைக்கும் காபிக்கும் இடையில் அரை மணி நேரம் கி.யைக் காக்கவைப்பதுதான் பெரிய பாடு. கண் விழித்ததும் காபி என்பது அம்மா பழக்கியது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. தங்கை வந்தாள். எப்படிச் சொல்வது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்: தூங்கிவிட்டாள், சாமியிடம் போய்விட்டாள் என்று எதையும் சொல்லாமல், உள்ளதை உள்ளபடி, சிறிய சொற்களில். அம்மாவின் புகைப்படத்தை அவர் கையில் கொடுத்து, "அண்ணா, அம்மா செத்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க" என்றாள். அவர் நெடுநேரம் படத்தையே பார்த்தார். பிறகு, "அப்பா மாதிரியா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா."

அப்பா இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அது அவருக்கு நினைவிருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

குளிக்கவில்லை, பயிற்சிக்கூடத்துக்கும் வரவில்லை. பொத்தான் ஒன்றுகூடப் போடவில்லை. சொல்லியிருக்கவே கூடாது என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் கடிந்துகொண்டார். துக்கப்படுகிற மனிதர் துக்கப்படுகிறார். அதை நடத்தைச் சிக்கல் என்று பதிவேட்டில் எழுத நான் சம்மதிக்கவில்லை. பகல் முழுவதும் அவர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 19, சனி

சோறு சாப்பிட்டார். இரண்டு முறை அழுதார்.

ஜூலை 21, திங்கள்

காகிதப் பை மடிக்க வந்தார். வேகம் இல்லை, ஆனால் ஓரங்கள் நேராக இருந்தன. மதியம் என்னிடம் வந்து, "அம்மாவை எரிச்ச இடம் பாக்கணும்" என்றார். தங்கைக்கு ஃபோன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கல்பள்ளி மயானத்துக்கு அழைத்துப்போவதாகச் சொன்னாள், நானும் வரவேண்டும் என்றாள். பூ வாங்கவேண்டும் என்று கி. சொன்னார், மல்லிகை. நாளை காலை பத்தரைக்குக் கண் மருத்துவர். பழைய கண்ணாடியையும் மாத்திரைச் சீட்டையும் இரவே பையில் எடுத்து வைக்கவேண்டும்.